ஆசான் குங் விஷயத்துக்கு வருகிறாள்

நந்தியாவின் கல்யாணச் செய்தி அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்த விதத்தை உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் முதலில் பேருந்தில் குளிர் தாங்கவில்லை என்றாள். பிறகு இந்த வருஷம் மழை பின்வாங்கியதைப் பற்றிப் பேசினாள். விடுதிக்காரம்மாவின் முழங்கால் வலி வந்தது. சந்தையில் சிறுமீன் சீந்துவாரில்லாமல் கிடப்பது வந்தது. சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழுந்து, பாதி தூரம் போன பிறகு திரும்பி, "அப்புறம்... அடுத்த மாசம் ஒருத்தங்க வீட்லேர்ந்து பேச வருவாங்கம்மா" என்றாள்.

"எந்த வீட்லேர்ந்து?"

"மாப்பிள்ளை வீட்லேர்ந்து."

அம்மா கையிலிருந்த ஒட்டும் சோற்று உருண்டையைக் கூடையிலேயே போட்டுவிட்டாள் என்பார்கள்.

இதைக் கூச்சம் என்று நினைத்தால் தப்பு. நந்தியா கூச்சக்காரி இல்லை. வகுப்பில் நூறு பேருக்கு முன்னால் நின்று மீன் குடல் அழுகும் விதத்தைக் கண் சிமிட்டாமல் விளக்குவாள். ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் அது உட்கார ஓர் இடம் போட வேண்டும் என்பது அவள் வளர்ந்த முறை, அவ்வளவுதான். தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பக்கத்தில் அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. தொடக்கப் பள்ளியில் 'என் நாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். உலகில் உயிர்கள் பல வகைப்படும் என்று தொடங்கினாள். மனிதனுக்கு உதவும் விலங்குகள், அவற்றில் வீட்டு விலங்குகள், அவற்றின் நன்றியுணர்ச்சி என்று ஒன்றரைப் பக்கம் போயிற்று. கடைசி வரியில் 'எங்கள் நாயின் பெயர் கறுப்பன்' என்று முடித்தாள். நாய் ஒரு முறைதான் வந்தது, குரைக்கக்கூட நேரமில்லை. ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டு, அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார்.

அப்படி வளர்ந்தவள் பல்கலைக்கழகத்துக்குப் போய் உணவு அறிவியல் படித்து, அங்கேயே முதுநிலைக்குச் சேர்ந்து, ஆசான் தம்ரோங்கிடம் வந்து சேர்ந்தாள். 'பிளா ரா' பற்றிப் பேசுகிற எவரும் அந்தக் காலத்தில் ஆசான் தம்ரோங்கைத் தாண்டிப் போக முடியாது. ஆற்றுமீனை உப்பும் வறுத்த தவிடும் போட்டுப் பானையில் மாதக்கணக்கில் ஊற வைப்பதை ஒரு படிப்பாக்கியவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் அவருடைய ஆசான். நந்தியாவின் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் பார்த்த தம்ரோங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா குங், வந்தவங்களை வாசல்லயே நிறுத்தி விஷயத்தைக் கையில திணிக்கிறியே. உக்கார வைக்க வேணாமா? தண்ணி குடுக்க வேணாமா?" என்றார். குங் என்பது அவளுடைய வீட்டுப் பெயர், இறால் என்று அர்த்தம். நாயை ஒன்றரைப் பக்கம் காக்க வைத்தவளுக்கே அவசரக்காரி என்று பெயர். அந்த அத்தியாயம் ஐந்து முறை திரும்பி வந்தது. ஆறாம் முறை அது மேகோங் ஆற்றங்கரையில் மனிதர் குடியேறிய காலத்திலிருந்து புறப்பட்டது. தம்ரோங் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஒரு மாகாணப் பல்கலைக்கழகத்தில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை, துறைச் சின்னம் போட்ட மூன்று விதமான சட்டைகள், ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் மண்டியிட்டுப் பூத்தட்டு வைக்கும் ஆசிரியர் வணக்க நாள் என்று நாற்பத்தைந்து வயது வந்துவிட்டது. எல்லாரும் அவளை ஆசான் குங் என்றார்கள். குறை ஒன்றுதான். அவள் வெறும் ஆசான் குங். உதவிப் பேராசிரியர் பதவி வரவில்லை.

பதவி வந்தால் பெயருக்கு முன்னால் இரண்டெழுத்து சேரும். கல்யாணப் பத்திரிகையிலும் சேரும், கோயில் மதிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்தாலும் சேரும், சாவு வீட்டுக்கு அனுப்பும் மலர் வளையத்தில் தங்கக் காகித எழுத்திலும் சேரும். அந்த இரண்டெழுத்து இல்லாத மலர் வளையங்களை நந்தியா நிறைய அனுப்பிவிட்டாள். அவளும் பொறுத்துத்தான் போயிருப்பாள். ஆனால் புது விதி ஒன்று வந்தது. வருகிற ஒப்பந்தப் புதுப்பிப்புக்குள் பதவி வாங்காதவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. பதவி வேண்டுமானால் வெளிநாட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரை வேண்டும். அதாவது ஒரு கட்டுரை வராவிட்டால் ஆசான் குங் என்ற பெயரில் மீதி இருக்கப்போவது குங் மட்டும்தான்.

கட்டுரைக்குச் சரக்கு இல்லாமல் இல்லை. நல்ல சரக்கு இருந்தது. பிளா ரா போடுவதற்கு அரசாங்கக் கைநூல் ஒன்று உண்டு. உப்பையும் தவிட்டையும் ஒரே நாளில் மீனோடு கலந்து பானையில் இடு என்பது அதன் விதி. தம்ரோங்கின் ஆய்வேடும் அதையே சொல்கிறது என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நந்தியாவும் காட்டியவள்தான். ஆனால் துறைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் மூன்று வெயில் காலம் பானை பானையாக வைத்துப் பார்த்ததில் அவளுக்கு வேறொன்று தெரிந்தது. கடும் வெயிலில் ஒரே நாளில் கலந்தால் பானை புளித்துக் கெடுகிறது. உப்பில் மட்டும் சில வாரம் ஊற விட்டுப் பிறகு தவிடு சேர்த்தால் கெடுவதில்லை. எண்கள் சுத்தமாக இருந்தன. மணம் அதைவிடச் சுத்தமாக இருந்தது.

அவள் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதினாள். மேகோங் ஆற்றங்கரையில் மனிதர் குடியேறிய காலத்திலிருந்து எழுதினாள்.

ஆய்விதழிலிருந்து பதில் வந்த அன்று அறையில் தூம் இருந்தாள். தூம் அதே துறையில் வேலை பார்ப்பவள், பத்து வயது இளையவள். இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவள். அங்கிருந்து பட்டத்தோடு ஒரு வாயையும் கொண்டுவந்திருந்தாள்.

"என்னக்கா, முகம் வெளிறிப் போச்சு? என்ன சொல்றான்?"

நந்தியா திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் மதிப்பீட்டாளர் இலக்கணத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். இரண்டாமவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். கட்டுரையாசிரியர் என்ன செய்தார் என்பதை அறிய ஆறாம் பக்கம் வரை போக வேண்டியிருந்தது என்றார். முந்தைய ஆய்வுகளில் என்ன குறை, எந்த இடைவெளியை இது நிரப்புகிறது, அது ஓரிடத்திலும் இல்லை என்றார்.

தூம் கட்டுரையை வாங்கி மேலிருந்து கீழே ஓட்டினாள்.

"அவன் சொல்றது சரிதானேக்கா. ஆறு வருது, மழை வருது, அயுத்தயா ராஜா வர்றார், மீன் எப்ப வரும்னு நானும் பாத்துட்டே இருக்கேன். ஆறாவது பக்கத்துலதான் மீனே சாவுது!"

"பின்னணி இல்லாம எப்படி எழுதறது?"

"பின்னணி வேணும். ஆனா இவ்வளவு முன்னாலயா? அங்கல்லாம் முதல் பத்தியிலயே சொல்லிடணும். இன்னார் இதைச் சொன்னாங்க, அது போதாது, நான் இதைச் செஞ்சேன். முடிஞ்சது."

"போதாதுன்னா, யாரோடது?"

"உங்க பெரியவரோடதுதான். வேற யார் இருக்கா?"

தூம் நாற்காலியை இழுத்துப் போட்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு வரி தட்டினாள், ஆண்டைப் புத்தர் கணக்கிலேயே போட்டு. 'தம்ரோங் (2531) வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் முறை வெயில் காலத்துக்குத் தவறானது.' ஆங்கிலத்தில் அது இன்னும் மொட்டையாக இருந்தது. பெயருக்கு முன்னால் ஆசானும் இல்லை, பேராசிரியரும் இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஏதோ ஒரு தம்ரோங்.

கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது தன் கால் புத்தரை நோக்கி நீண்டிருப்பதைத் திடீரென்று பார்த்தவள்போல நந்தியா அந்த வரியை அவசரமாக அழித்தாள்.

"அழிச்சிட்டீங்களா! அக்கா, உண்மைதானே அது?"

"உண்மைன்னா அப்படியே சொல்லிடறதா?"

"பின்ன?"

இதற்கு நந்தியாவிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஆறு பக்கம் வேண்டும்.

அவள் தானே திருத்தினாள். ஆற்றையும் ராஜாவையும் மனசில்லாமல் நீக்கினாள். தம்ரோங் பற்றிய வாக்கியத்தை ஒரு வாரம் பார்த்துப் பார்த்து இழைத்தாள். கடைசியில் அது இப்படி வந்தது: 'பேராசிரியர் தம்ரோங் அவர்களின் அரிய ஆய்வு ஏறக்குறைய எல்லாக் காலங்களுக்கும் சிறப்பாகப் பொருந்துகின்றதெனினும், ஒருசில சூழல்களில் மேலும் சிறிது கருதிப் பார்ப்பதற்கு இடமிருக்கக்கூடும்.' அவளுக்கே வியர்த்தது. இவ்வளவு கடுமையாக அவள் யாரைப் பற்றியும் எழுதியதில்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் பதில் எழுதினார். 'கட்டுரையாசிரியர், தம்ரோங்குடன் முழுவதும் உடன்படுகிறார் என்று தெரிகிறது. பிறகு இந்த ஆய்வு எதற்கு?' இன்னும் ஒரு முறைதான் திருத்தலாம், அதற்கு மேல் இல்லை என்று ஆய்விதழின் பதிப்பாசிரியர் அடியில் சேர்த்திருந்தார்.

தூம் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு அவளுக்கே பரிதாபமாகிவிட்டது. "நான் போட்ட வரியையே போட்டுடுங்கக்கா. எண்ணி ரெண்டு வரி. வேலை நிக்கும்."

"போடறேன்" என்றாள் நந்தியா. தூம் தலையைத் தூக்கினாள். "ஆனா, அதுக்கு முன்னாடி போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"அவரைத் தப்புன்னு எழுதப்போறதுக்கு."

"இன்னும் எழுதவே இல்லையே!"

"எழுதின பிறகு கேட்டா அது மரியாதையா?"

தூம் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். "குங் அக்கா. நான் சொல்றதைக் கேளுங்க. அவர் ஓய்வு வாங்கிட்டு எலுமிச்சைச் செடி வளக்கறார். எங்கயோ நெதர்லாந்துல வர்ற ஆய்விதழை அவர் தேடிப் படிக்கப்போறாரா? சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. நீங்களே தட்டுல வச்சு எடுத்துட்டுப் போய், இந்தாங்க உங்களைத் திட்டப்போறேன்னு சொல்வீங்களா?"

"தெரியாதுங்கறதுக்காகத்தான் போகணும்."

இங்கிலாந்தில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தியா வெள்ளை மேல்சட்டையும் கைத்தறிப் பாவாடையும் உடுத்தி, ஒரு தட்டில் மல்லிகை மாலை, ஊதுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் வைத்து, மேலே துணி மூடி, மடியில் வைத்துக்கொண்டு போனாள். கணவன் வண்டி ஓட்டினான். வாசலிலேயே இறக்கிவிட்டு, டயர் பார்க்க வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டான். டயருக்கு ஒன்றும் இல்லை.

ஆசான் தம்ரோங் முண்டாப் பனியனோடு சிமென்ட் உறைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். கிணற்றுக்கு இறக்கும் உறைகளில் மண் நிரப்பி வரிசையாக எலுமிச்சை வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யாரு, குங்கா! சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு ஆசான். நீங்க?"

"அதெல்லாம் விடிஞ்சதும் ஆயிடும். வா, நிழல்ல உக்காரு."

அவருடைய மனைவி கொய்யாவைச் சீவி மிளகாய் உப்போடு கொண்டுவந்து வைத்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். எலுமிச்சையைப் பற்றிப் பேசினார்கள். வெயில் காலத்தில் காய்க்க வைக்கத் தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் விளக்கினார். அவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது, அவருடைய மனைவிக்குக் கூடியிருந்தது. நந்தியாவின் மகள் எந்த வகுப்பு, அம்மாவுக்குக் கண் அறுவை ஆயிற்றா, துறையில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டதா என்று ஒவ்வொன்றாக வந்தது. தட்டு துணிக்குள்ளேயே பெஞ்சில் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள், மூவரும் அதைப் பார்க்கவில்லை. கொய்யா தீர்ந்து மாங்காய் வந்தது. முறையாக வந்த விருந்தாளி, முறையாக உபசரிக்கிற வீடு. இந்த வேகத்தில் போனால் எலுமிச்சையே காய்த்துவிடும்.

கடைசியில் அவள் பெஞ்சிலிருந்து இறங்கி, சிமென்ட் தரையில் மண்டியிட்டு, தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

தம்ரோங்கின் முகம் சட்டென்று மாறியது. மனைவியைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியுமாக மன்னிப்புத் தட்டு. படுக்கையில் கிடக்கிற பெரியவர்களிடம் கடைசியாக நீட்டுகிற தட்டும் அதுதான்.

"ஏம்மா... போன வாரம் எனக்கு ரத்தம் எடுத்தாங்களே. ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்கிட்ட ஏதும் சொன்னாங்களா?"

"ஐயோ இல்ல ஆசான்! அதெல்லாம் ஒண்ணுமில்ல!"

"உண்மையைச் சொல்லு. உன் வீட்டுக்காரரோட தங்கச்சி அங்கதானே வேலை பாக்குறா?"

"சத்தியமா இல்ல ஆசான். நான்... நான் ஒரு கட்டுரை எழுதறேன்."

"கட்டுரையா?" நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. அவருடைய மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "கட்டுரைக்கா இத்தனை பூ!" என்றார்.

அப்போதுதான் நந்தியா சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வெயில் கால முறையில் ஆசானைத் தப்பு என்று எழுத வேண்டியிருக்கிறது, எழுதாவிட்டால் பதவி இல்லை, பதவி இல்லாவிட்டால் வேலை இல்லை, அறிந்து செய்வதால் முன்கூட்டியே மன்னிக்க வேண்டும். சொல்லி முடித்துத் தலை தரையில் படக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் மாலையைக் கையில் எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டவராகத் தெரியவில்லை. குழம்பிப் போனவராகத் தெரிந்தார்.

"தவிட்டைக் கொஞ்சம் பொறுத்துச் சேக்கணும்கறே. வெயில்ல."

"ஆமா ஆசான்."

"அதைத்தான் நானே எழுதியிருக்கேனேம்மா."

"எங்க ஆசான்?"

"என் ஆய்வேட்டுல. நீ படிச்சதுதானே?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த ஆய்வேட்டை அவள் எழுதிய ஒவ்வொரு தாளிலும் மேற்கோள் காட்டியிருக்கிறாள். அட்டையின் நிறம் தெரியும். முதல் அத்தியாயத்தில் பல வரிகள் மனப்பாடம். "படிச்சேன் ஆசான்" என்றாள், மிகவும் மெல்லிய குரலில்.

அவர் உள்ளே போய், செல்லரித்த ஊதா நிறத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்து, பின்னாலிருந்து திறந்து நீட்டினார். கடைசி அத்தியாயம், கடைசிப் பக்கம், 'மேலும் ஆய்வு செய்ய விரும்புவோருக்குப் பரிந்துரைகள்' என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பத்தி. 'வெயில் மிகுந்த மாதங்களில் தவிட்டைச் சற்றுப் பொறுத்துச் சேர்ப்பதன் பயனையும் விரும்புவோர் கருதிப் பார்க்கலாம்.'

நந்தியா இரண்டு முறை படித்தாள்.

"கருதிப் பாக்கலாம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. பதினாறு பானை வச்சுப் பாத்துட்டேன்னு அர்த்தம்."

"அந்த எண்ணெல்லாம் எங்க ஆசான்?"

"எண்ணைப் போட்டா வெளிப்படையா ஆயிடாதா? கைநூலை எழுதினது என்னோட ஆசான். அப்ப உயிரோட இருந்தார். வாய்மொழித் தேர்வுல எனக்கு எதிர்ல உக்காந்திருந்தார்." மாலையைத் தட்டில் மெதுவாக வைத்தார். "அவர் ரொம்பப் பெரிய மனுஷர். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க மாட்டார்."

"வேற யாரும் படிச்சுக் கேக்கலையா?"

"யார் கேட்டா? நீயே இப்பதான் கேக்குறே." அவர் சிரித்தார். குத்திக் காட்டுகிற சிரிப்பாக அது இல்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் குத்தியது. "அழகா வச்சிருந்தேன்மா. ரொம்ப அழகா வச்சுட்டேன் போலிருக்கு."

நந்தியாவுக்கு நிலைமை மெல்ல மெல்லப் புரிந்தது. அவரைத் தப்பு என்று எழுத முடியாது, அவர் தப்பு இல்லை. தன் கண்டுபிடிப்பு என்றும் எழுத முடியாது, அது அவருடையது. மூன்று வெயில் காலத்துப் பானைகளும் ஒரு வேலையும் கண்ணெதிரே ஒரு பத்திக்குள் இறங்கிப் போய்விட்டன. மன்னிப்புக் கேட்க வராமல் இருந்திருந்தால் இந்நேரம் கட்டுரை நிம்மதியாக நெதர்லாந்துக்குப் போயிருக்கும்.

அவள் முகத்தைப் பார்த்து தம்ரோங்குக்கு மனம் இளகியது. "சரிம்மா, இதுக்கா இப்படி? நான் தப்புன்னே எழுதிடு. நானே சொல்றேன், எழுது."

"நீங்க தப்பில்லையே ஆசான்."

"வெள்ளைக்காரனுக்கு யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும்கறே. நான் ஓய்வு வாங்கினவன், எனக்கென்ன? எலுமிச்சையை யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க." பிறகு விரலை உயர்த்தினார். "ஆனா என் ஆசான் பேரைப் போட்டுடாதே. அவர் பாவம், போய்ச் சேந்துட்டார்."

தட்டை அவர் வாங்கிக்கொண்டார். ஆசீர்வாதம் சொன்னார். ஒரு பை நிறைய எலுமிச்சையும் கொடுத்தார். டயர் பார்த்துத் திரும்பிய கணவன், "என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, எலுமிச்சைக்கு எப்போது தண்ணீர் நிறுத்த வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை தூம் எல்லாவற்றையும் கேட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை. "இதுல என்னக்கா யோசனை? அவரே அனுமதி குடுத்துட்டார். அவர் தப்புன்னு போடுங்க. அந்தக் கடைசிப் பக்கத்தை எவன் பாக்கப்போறான்? முப்பத்தஞ்சு வருஷமா எவனும் பாக்கல."

"நான் பாத்துட்டேனே."

"நீங்க பாத்தது யாருக்குத் தெரியும்?"

"தூம், நீ இதையே ரெண்டாவது தடவை சொல்றே."

நந்தியா திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். வேலையை நினைத்தாள். மகளை நினைத்தாள். இரண்டெழுத்து இல்லாத மலர் வளையங்களை நினைத்தாள். ஊதாத் தொகுதியின் அந்தக் கடைசிப் பத்தியை நினைத்தபோது அவளுக்கு ஒரு விசித்திரமான எரிச்சல் வந்தது. இத்தனை வயதில் முதல்முறையாக ஆசான் மேல் எரிச்சல். 'அந்தப் பதினாறு பானையை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன?'

அந்த எரிச்சல் தணிவதற்குள் எழுதினாள். கட்டுரையின் முதல் பத்தி, முதல் வரி. 'வெயில் காலத்தில் தவிட்டைப் பின்னால் சேர்ப்பதே நல்லது என்பதைத் தம்ரோங் 2531-லேயே கண்டார். ஆனால் அதற்கான அளவுகளை அவர் வெளியிடவில்லை. அந்த அளவுகளை இக்கட்டுரை தருகிறது.' யாரும் தப்பு இல்லை. எல்லாம் உண்மை. புதிதாகக் கண்டுபிடித்தேன் என்ற பெருமை மட்டும் போய்விட்டது. ஆய்விதழ் அதைத்தான் கேட்கிறது என்றால் வேலையும் அதோடு போகும்.

தூம் அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். "மூணே வரியா! நீங்களா எழுதினீங்க?"

"மொட்டையா இருக்கா?"

"மொட்டையாத்தான் இருக்கு. ஆனா இடைவெளி கேட்டானே, குடுத்துட்டீங்க. இது செல்லுமான்னுதான் தெரியல."

அவ்வளவு மொட்டையாக விட்டுவிட நந்தியாவுக்கு மனம் வரவில்லை. நெஞ்சில் கிடந்ததைச் சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கட்டுரையின் கோடியில், மேற்கோள் பட்டியலுக்குச் சற்று மேலே, நன்றி சொல்லும் பத்தியில், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஆசானின் நூலை அதன் கடைசிப் பக்கம் வரை படிக்காமலேயே இத்தனை ஆண்டுகள் மேற்கோள் காட்டி வந்ததற்கு இந்த மாணவி மன்னிப்புக் கேட்கிறாள் என்றும், இதில் நன்றாக இருப்பவை அவர் தந்தவை என்றும் இருந்தது. எழுதி முடித்தபோது அழுகை வந்தது. இலக்கணப் பிழை இருக்கிறதா என்று தூமிடம்கூடக் காட்டவில்லை.

பதில் வரச் சில வாரமானது. அந்த வாரங்களில் அவள் இரண்டு சாவுக்கு மலர் வளையம் அனுப்பினாள், வெறும் ஆசான் என்றே போட்டு. பிறகு வந்தது. இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார். 'ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது, வெளியிடலாம்.' தூம் கத்திய கத்தலில் கொட்டகை நாய் எழுந்து ஓடியது.

பதவிக் குழு கட்டுரையோடு தாய்லாந்து மொழியில் ஒரு சுருக்கமும் கேட்டது. நந்தியா முதல் பத்தியை அப்படியே பெயர்த்துக் கொடுத்தாள். அது ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. 'பின்னணி போதாது. திடீரென்று தொடங்குகிறது. மூத்த அறிஞரைக் குறிப்பிடும் முறையில் மரியாதை குறைவாகத் தோன்றுகிறது.' தூமுக்குக் கோபம் வந்தது. நந்தியாவுக்கு வரவில்லை. அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மேகோங் ஆற்றைத் திரும்பக் கூப்பிட்டாள். அயுத்தயா ராஜாவும் வந்தார். பன்னிரண்டு பக்கத்தில் அது ஒரு நல்ல சுருக்கமாயிற்று. தவிட்டைச் சற்றுப் பொறுத்துச் சேர்க்கும் விஷயத்தைக் கடைசிப் பத்தியில் வைத்தாள், கருதிப் பார்க்கலாம் என்று. குழு அதைப் பாராட்டியது. பதவி வந்தது, ஒப்பந்தமும் வந்தது.

அச்சான கட்டுரையை நல்ல அட்டையில் கட்டி ஆசானுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் எடுத்தாள். அந்த நன்றிப் பத்தியைப் படித்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்பதைப் பல விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானத்தில் அழைத்தார்.

"உதவிப் பேராசிரியர் அம்மாவா?"

"ஐயோ ஆசான், நீங்க போய்..."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு ஆசான். மழை வந்துச்சா அங்க?"

"வந்துச்சு, வந்துச்சு. காய் கொஞ்சம் உதிந்துடுச்சு." மழை, எலுமிச்சை, மனைவியின் சர்க்கரை எல்லாம் முறையாக வந்தன. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் கட்டுரையைப் பாத்தேன்மா."

நந்தியா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"முதல் வரியிலயே என் பேரைப் போட்டுட்டே. பேருக்கு முன்னால ஒண்ணும் இல்லாம. எனக்கே யாரோன்னு ஆயிடுச்சு." சிரித்தார். "ஆனா சரியா சொல்லிட்டே. நான் முன்னூறு பக்கம் எழுதினதை மூணு வரில சொல்லிட்டே."

"ஆசான், கட்டுரை முழுக்க..."

"அதான் சொல்றேன். எல்லாம் அங்கயே இருக்கு. அப்புறம் மிச்சத்துல என்னம்மா இருக்கப்போகுது? கண்ணாடி வேற சரியா இல்ல. மூணு வரி படிச்சேன், மனசு நிறைஞ்சுடுச்சு, மூடி அலமாரியில வச்சுட்டேன்."

நந்தியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் பானைகள் வரிசையாக இருந்தன. மூடிகளின் மேல் வெயில் அடித்தது.

"ஏம்மா, பின்னால ஏதும் இருக்கா?"

"இல்ல ஆசான்" என்றாள். "மேற்கோள் பட்டியல்தான்."

பிறகு உதிர்ந்த காயை என்ன செய்தார் என்று கேட்டாள்.